சுவிச்சில் பிழையில்லை

முல்லைத்தீவு
14.08.2023

பரமேஸ்வரனுக்கு,

நீங்கள் சுகமோ எண்டு கேக்கிறதுக்கு இதை எழுதேல்லை. போன் எடுக்கலாம், நம்பர் இருக்கு. எடுத்தால் உங்கட குரல் கேக்கும். அந்தக் குரல் எனக்கு வேண்டாம். அதாலைதான் கடுதாசி.

விசயம் இதுதான். இவர் செத்த நாளிலையிருந்து எட்டு மாசமா ஜீப் பூவரசுக்குக் கீழை நிக்குது. நீங்கள் பூட்டின வின்ச், அந்தக் கயிறு சுத்தி இழுக்கிற மெசின், முன்னுக்கு அப்பிடியே இருக்கு. நான் அந்தப் பக்கம் திரும்பிறேல்லை. கோழி அதுக்குப் பக்கத்திலை முட்டையிடுது, அந்த முட்டையைக்கூட எடுக்கப் போறேல்லை. இப்ப என்ர மகன் றஜித் ஒற்றைக்காலிலை நிக்கிறான். மாரிக்கு முதல் ஜீப்பைத் திருத்தி, கடல் அடிக்கேக்கை போட்டுகளைக் கரையேத்துற வேலையைத் தான் செய்யப் போறானாம். அப்பா செய்தவர்தானே எண்டுறான். ஓம், செய்தவர், செய்து என்ன கண்டவர்? இருபது வயசுப் பெடியனுக்கு இதை எப்பிடிச் சொல்லுறது.

மரண விசாரணையிலை நீங்கள் சொன்னது எனக்கு வரிக்கு வரி பாடம். "சுவிச் இறுகிப் போச்சு ஐயா, அமத்தின பட்டன் திரும்பி வரேல்லை, அதாலை கயிறு சுத்திக்கொண்டே போச்சு." அதே சுவிச் இப்பவும் ஜீப்புக்குள்ளை கிடக்குது. அதை இனி என்ர பிள்ளை கையிலை எடுக்கப் போறான்.

ஒண்டில் வந்து உங்கட சாமானைக் கழட்டிக்கொண்டு போங்கோ. இல்லாட்டி அதை என்ன செய்தால் ஒரு உயிரும் போகாது எண்டு எழுதுங்கோ. செத்தவீட்டண்டு உங்களைப் படலையிலை வைச்சுத் திருப்பி அனுப்பினனான். அதுக்கு மன்னிப்புக் கேக்கேல்லை. இது வேறை கதை.

மரியமலர்

❖

ஜெயபுரம்
27.08.2023

அக்கா,

கடுதாசி கெடச்சது. மூணு தரம் படிச்சேன். எனக்கு எளுத வராது, தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

என்னால வர முடியாது. ஏன்னு கேக்காதீங்க. வின்ச்ச என்ன செய்யணும்னு சொல்றேன், றஜித் தம்பிய செய்யச் சொல்லுங்க.

மொதல்ல கம்பிக் கயிற முளுசா வெளிய இளுத்துப் போடணும். கையில தோல் உறை இல்லாம தொடவே கூடாது. அறுந்த கம்பி நூல் முள்ளு மாதிரி குத்தும். ஒரு எடத்துல அஞ்சாறு நூல் அறுந்திருந்தாலும் அந்தக் கயிறு ஆவாது, மாத்திடணும். நல்லா இருந்தா நல்ல தண்ணியில களுவி, காய வச்சு, எண்ணெய்த் துணியால தொடச்சு, சும்மா சுத்தாம ஏதாவது பாரம் கட்டி இறுக்கமா சுத்தணும். வேலை செய்யும்போது உருளையில கொறஞ்சது அஞ்சு சுத்து மிச்சம் இருக்கணும். மளை காலத்துல மாசம் ரெண்டு தரம் இப்படி செய்யணும். உப்புக் காத்து யாரையும் விடாது.

வின்ச் ஒக்காந்திருக்குற தட்டுல நாலு போல்ட் இருக்கு. பளைய போல்ட்ட திருப்பிப் போடாதீங்க, புதுசு போடுங்க.

கயிற இளுக்கும்போது ஜீப்போட பொனெட்ட, அந்த முன் மூடிய, தூக்கி வைக்கணும். கம்பிக் கயிறு அறுந்தா திரும்பி அடிச்சு ஆள ரெண்டாக்கிடும், அதுக்கு அது மறைப்பு. அண்ணனுக்கும் எனக்கும் வவுனியா கடையில வச்சு இதுக்குத்தான் சண்ட. நான் நூல் கயிறு வாங்கலாம்னேன், அறுந்தாலும் அடிக்காது. அவரு, "கடற்கரை மண்ணு அதை ஒரு மாசத்திலை திண்டிடும் பரமேஸ், கம்பிதான்"னாரு. நான் விட்டுக்குடுத்தேன். எட்டாயிரம் இறாத்தல் இளுக்குற வின்ச் போதும்னு அவர் சொன்னப்ப நான் பன்னெண்டாயிரம்னேன், அவர் விட்டுக்குடுத்தாரு. அப்படித்தான் எங்க கூட்டு. அன்னிக்கு நான் கயித்துல விட்டுக்குடுத்திருக்கக் கூடாது.

சுவிச்ச மட்டும் புதுசா போடுங்க.

பரமேஸ்வரன்

❖

முல்லைத்தீவு
11.09.2023

பரமேஸ்வரனுக்கு,

மழையை மளை எண்டும், கழுவுறதை களுவுறது எண்டும் எழுதியிருக்கிறியள். ஞாயிறிலை மறைக்கல்வி வகுப்புப் பிள்ளையளின்ர கொப்பி திருத்துறனான், அதுகள்கூட இப்பிடி எழுதாதுகள். சிவப்புப் பேனை பக்கத்திலை கிடந்தது, எடுத்துத் திருத்தித் திருத்தித்தான் வாசிச்சன். ஆத்திரம். வேறை எப்பிடித் தீர்க்கிறது?

நீங்கள் எழுதினபடி செய்தம். கயிறு பூவரசிலையிருந்து படலை தாண்டி றோட்டு வரைக்கும் போச்சு. கம்பி ஒண்டும் அறுந்திருக்கேல்லை. கொழுக்கியிலையிருந்து பத்துப் பன்ரண்டு அடி தள்ளிக் கறுப்பா ஒரு அடையாளம் இருந்தது. துரு எண்டு றஜித் சொன்னான். ஓம், துருதான் எண்டு நானும் சொன்னன். அவன் கடைக்குப் போன நேரம் சவுக்காரம் போட்டுத் தேச்சுப் பாத்தன். போகேல்லை. பிறகு நான் கிணத்தடியிலை போய் இருந்து அழுதது ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்கு ஏன் எழுதுறன் எண்டும் தெரியேல்லை.

சுவிச்சைப் பற்றித்தான் ஒரு விளக்கமும் வரேல்லை. சுவிச் ஏன் இறுகினது? உப்போ, தண்ணியோ, நீங்கள் கவனிக்காமல் விட்டதோ? புதுசு போடுங்கோ எண்டு ஒரு வரி எழுதினால் சரியோ? புதுசும் நாளைக்கு இறுகினால்? புதுக்குடியிருப்பிலை செந்தூரன் எண்டொருத்தர் மோட்டர், டைனமோ திருத்துறவர். சுவிச்சை அவரிட்டைக் குடுத்துத் திறந்து பாக்கப் போறம்.

மரியமலர்

❖

ஜெயபுரம்
20.09.2023

அக்கா,

சுவிச்ச தொறக்க வேணாம். கெஞ்சிக் கேக்குறேன். தூக்கிக் கடல்ல போடுங்க. புதுசு நான் வாங்கி பஸ்ல குடுத்து அனுப்புறேன்.

எளுத்து பத்தி சொன்னீங்க. எங்க அப்பா தேயிலத் தோட்டத்துலருந்து இங்க வந்து காடு வெட்டுன காலம், நான் அஞ்சாம் வகுப்போட நின்னுட்டேன். எந்த எடத்துல எந்த ள போடணும்னு இன்னும் வெளங்கல. காதுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. இங்க எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்றாங்க, எளுதும்போது மட்டும் ரெண்டாகிடுது.

நான் இப்ப வண்டி வேல எதுவும் செய்யிறதில்ல. சாவி, ஸ்பேனர் எல்லாத்தையும் மச்சானுக்குக் குடுத்துட்டேன். கூலிக்கு வயலுக்குப் போறேன். "உங்க பேச்சுச் சத்தத்தக் கேட்டு மாசமாச்சு"ன்னு என் சம்சாரம் தர்மிளா சொல்லி அளுவுறா. சோறு எறங்கல அக்கா. சாகலாம்னு ஒரு நாள் போனேன், புள்ளைக நெனப்பு வந்து திரும்பிட்டேன். இத அனுதாபத்துக்கு எளுதல. நான் சும்மா நிம்மதியா இருக்கேன்னு நெனைக்காதீங்கன்னுதான்.

சுவிச்ச தொறக்காதீங்க.

பரமேஸ்வரன்

❖

முல்லைத்தீவு
03.10.2023

பரமேஸ்வரனுக்கு,

திறந்தாச்சு.

செந்தூரன் என்னைக் கதிரையிலை இருத்திப்போட்டு முன்னாலை வைச்சுத்தான் திறந்தவர். ரண்டு பட்டனையும் அமத்திக் காட்டினார். விட்டவுடனை துள்ளித் திரும்புது. "அக்கா, இதிலை ஒரு பிழையும் இல்லை. உப்புக்கூடப் பிடிக்கேல்லை. ஆரோ உள்ளுக்குக் கிறீஸ் தடவி, றப்பர் வைச்சு, பிள்ளை மாதிரிப் பாத்திருக்கினம்" எண்டார். அந்த ஆரோ ஆர் எண்டு எனக்குத் தெரியுந்தானே. பஸ்ஸிலை வரேக்கை சுவிச் என்ர மடியிலை கிடந்தது. பக்கத்திலை இருந்த மனுசி, "என்ன பிள்ளை, வருத்தமோ?" எண்டு கேட்டா. நான் சுவிச்சைச் சீலைத் தலைப்பாலை மூடினன்.

அப்ப பட்டன் இறுகேல்லை. உங்கட விரல்தான் இறுகினது. நீங்கள்தான் அமத்திக்கொண்டு நிண்டனியள்.

இவர் செத்த அண்டைக்குக் கரையிலை நாங்கள் மூண்டே பேர். மற்ற ஆக்கள் தங்கட போட்டுகளோட அல்லாடிக்கொண்டு நிண்டவை. நீங்கள் பொனெட்டுக்குப் பின்னாலை. நான் நடுவிலை, பொனெட் மறைச்சு உங்களுக்கு இவர் தெரியேல்லை, நான்தான் தெரிஞ்சனான். இவர் கீழை, உருளைக் கட்டை வைக்கக் குனிஞ்சவர். அலை வந்து போட்டைப் பக்கவாட்டிலை திருப்பினது. இவர் போட்டுக்கும் கயித்துக்கும் நடுவிலை அம்பிட்டார். கயிறு கொஞ்சம் தொய்ஞ்சிருந்தால் குனிஞ்சு வெளியிலை வந்திருப்பார். நான் தொண்டை கிழியக் கத்தினன். ஒருக்கா இல்லை, அஞ்சாறு தரம். அவர் என்னைப் பாத்துக்கொண்டிருந்தார். கயிறு இறுகினது.

நான் கத்தினது உங்களுக்குக் கேக்கேல்லையோ? கேட்டும் ஏன் அப்பிடிச் செய்தனீங்கள்? கடவுளுக்குப் பயந்த ஆள் எண்டால் உண்மையை எழுதுங்கோ. என்ன கோவம் அவரிலை? என்ன செய்தவர் உங்களுக்கு? உங்கட மூத்தவளின்ர சாமத்திய வீட்டுக்கு வேலையை விட்டிட்டு வந்து பந்தல் போட்ட மனுசன். பாவி.

மரியமலர்

❖

ஜெயபுரம்
12.10.2023

அக்கா,

கேட்டுச்சு. கேட்டதுதான் பிரச்சனையே.

இத எளுதக் கூடாதுன்னு சாமி மேல சத்தியம் பண்ணியிருந்தேன். நீங்களே கேக்குறீங்க, எளுதுறேன். படிச்சதும் அடுப்புல போட்டுருங்க. றஜித் கண்ணுல பட வேணாம்.

பொனெட்டு தூக்கியிருந்துச்சு. மளையில உங்க தல மட்டும்தான் தெரிஞ்சது. உங்க வாயத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க "இளு, இளு"ன்னு கத்துனீங்க. கயிற விட்டா போட் அலையோட போயிரும்னு பதறுறீங்கன்னு நெனச்சேன். நான் இளுத்தேன். நீங்க இன்னும் சத்தமா கத்துனீங்க. நான் இன்னும் இளுத்தேன். உங்க கத்தல் அளுகையா மாறுனப்பத்தான் கை விட்டுச்சு.

பயத்துல சொல்லு மாறி வந்திரும் அக்கா. யாருக்கும் வரும். நான் உங்கள ஒரு நாளும் தப்பு சொன்னதில்ல, மனசுக்குள்ளகூட. விசாரணையில அந்த ஐயா, "யார் சொல்லி இளுத்தே?"ன்னு கேட்டாரு. நான் திரும்பிப் பாத்தேன். றஜித் உங்க தோளப் புடிச்சிக்கிட்டு நின்னான். அம்மா வாயாலதான் அப்பா போனாருன்னு அந்தப் புள்ள காதுல விளலாமா? கோயில்ல, கரையில, ஊரெல்லாம் அந்தப் பேச்சோட நீங்க எப்படி வாள்வீங்க? அதான் சுவிச் மேல பளியப் போட்டேன். சுவிச்சுக்கு வலிக்காது.

செத்தவீட்டுல நீங்க திருப்பி அனுப்புனப்ப சரின்னு வந்துட்டேன். கோவம் என் மேல இருந்துட்டுப் போகட்டும்னு.

பரமேஸ்வரன்

❖

முல்லைத்தீவு
19.10.2023

பரமேஸ்வரனுக்கு,

உங்கட கடுதாசியை வாசிக்க முதல் பழக்கத்திலை சிவப்புப் பேனையை எடுத்தனான். பொய்யன், அடுத்த பொய் என்ன சொல்லப் போறான் எண்டுதான் தொடங்கினனான். எளுத எண்டதை வெட்டி எழுத எண்டு போட்டன். மளையை மழை ஆக்கினன். அடுத்து "இளு". ள-வை வெட்டி மேலை ழ போட்டன். இழு. சரி எண்டு அடுத்த வரிக்குப் போனன். பிறகு கை அப்பிடியே நிண்டிட்டுது.

நான் இழு எண்டு கத்தேல்லை. சத்தியமா இல்லை. என்ர மாதாவே, நான் ஏன் இழு எண்டு கத்துறன்? என்ர கண்ணுக்கு முன்னாலை அவர் அம்பிட்டிருக்கிறார். நான் கத்தினது "இளக்கு". கயிறை இளக்கு, இளக்கு எண்டு. இளக்கினால் தொய்யும், தொய்ஞ்சால் வருவார். இந்தக் கரையிலை பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச சொல்லு. வலையை இளக்கு, நங்கூரக் கயிறை இளக்கு. இவர் ஒரு நாளைக்கு நூறு தரம் சொல்லுறது.

நீங்கள் எழுதின "இளு" என்ர சொல்லின்ர முதல் பாதி. மற்றப் பாதியைக் காத்து அடிச்சுக்கொண்டு போட்டுது. நீங்கள் சரியா எழுதத் தெரிஞ்ச ஆளா இருந்து "இழு" எண்டு எழுதியிருந்தால், மனுசன் பொய் சொல்லுறான் எண்டு கிழிச்சு எறிஞ்சிருப்பன். போனிலை கதைச்சிருந்தால் சாகுமட்டும் ரண்டு பேருக்கும் தெரிஞ்சிராது. காதுக்கு ரண்டும் ஒண்டுதான் எண்டு நீங்கள் எழுதினதுக்கு நான் வாய்க்குள்ளை சிரிச்சனான்.

ஒண்டு மட்டும் எழுதுங்கோ. கயிறைத் தளர்த்த வேணும் எண்டால் இவர் உங்களுக்கு என்ன சொல்லுறவர்? மூண்டு வருசம் இவரோட நிண்டனியள். இளக்கு எண்டு ஒரு நாளும் சொல்லேல்லையோ?

மரியமலர்

❖

ஜெயபுரம்
28.10.2023

அக்கா,

லூஸ்.

எங்கிட்ட அவரு லூஸ்னுதான் சொல்லுவாரு. நாங்க அப்படித்தான் சொல்லுவோம், லூஸ் விடு, தளத்து. வின்ச் பூட்டுன மொத வாரம் அவர் வேற என்னமோ சொன்னாரு, நான் வெளங்காம மாத்தி அமத்திட்டேன். கயித்துல யாரும் இல்ல, சும்மா பனங்கட்டையத்தான் கட்டியிருந்தோம். அவரு வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சாரு. "உன்ரை காதுக்கு எங்கட சொல்லு சரிவராது பரமேஸ், இனி உனக்கு லூஸ்"னாரு. அன்னியிலருந்து லூஸ்தான். என்ன சொல்லி சிரிச்சாருன்னு நான் மறந்தே போயிட்டேன். உங்க கடுதாசி வந்து மூணு நாளைக்கு அப்புறம், வயல்ல நெல்லு வெதைச்சுக்கிட்டு இருந்தப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

பத்து மாசமா நீங்க சொல்லு மாத்திட்டீங்கன்னு உங்களக் காப்பாத்துறேன்னு இருந்தேன் அக்கா. நீங்க மாத்தல. எனக்குத்தான் தெரியல. அப்ப நான் யாரக் காப்பாத்துனேன்?

அண்ணனோட ஆண்டுத் திருப்பலிக்கு வரட்டுமா? வாசல்ல நின்னுட்டுப் போயிடுறேன்.

பரமேஸ்வரன்

❖

முல்லைத்தீவு
16.11.2023

தம்பி பரமேஸ்,

பதில் பிந்திப் போச்சு. றஜித்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அடுப்பிலை போடச் சொன்னனியள், போடேல்லை. உங்கட கடுதாசி எல்லாத்தையும் அவனிட்டைக் குடுத்தன். சிவப்புத் திருத்தத்தோட வாசிச்சான். இவர் இந்த விசயத்தை வீட்டிலை ஒரு நாள் சொல்லியிருந்தால், "மரியமலர், பரமேசுக்கு லூஸ் எண்டு சொல்ல வேணும்" எண்டு ஒரு வசனம், சோறு தின்னேக்கை சொல்லியிருந்தால் போதும். எனக்கு ஏன் சொல்லப் போறார், நான் என்ன கரைக்கு வின்ச் பிடிக்கப் போறனானோ? அண்டைக்கு ஆள் இல்லை எண்டு போனனான். அதுதான் முதலும் கடைசியும்.

றஜித் வாசிச்சு முடிச்சுப்போட்டுக் கடுதாசியளை மடிச்சு வைச்சான். என்னிலை கோவப்படேல்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை. கடைசியா, "அம்மா, இனி போட் ஏத்துற நேரம் நீங்கள் கரைக்கு வராதேங்கோ" எண்டான். மெல்லத்தான் சொன்னான், குழந்தைக்குச் சொல்லுற மாதிரி. நான் உங்களைப் படலைக்குள்ளை விடேல்லை. என்ர பிள்ளை என்னைக் கரைக்கு விடுறானில்லை. அவனிலை பிழை இருக்கோ? எனக்குச் சொல்லத் தெரியேல்லை.

அவன் நூல் கயிறு வாங்கிப் பூட்டிப் போட்டான். மண்ணு திண்டால் வருசா வருசம் மாத்துவானாம். இப்ப பொனெட் தூக்கத் தேவையில்லை, ஆளை ஆள் தெரியும். வாயாலை ஒண்டும் சொல்லுறேல்லை எண்டு கூட நிக்கிறவையோட கதைச்சு வைச்சிருக்கிறான். கை மேலை எண்டால் இழுக்கிறது, கை விரிச்சால் விடுறது. நீங்கள் கேட்டால் சந்தோசப்படுவியள். போன கிழமை கடல் அடிச்சது. மூண்டு போட் ஏத்தினவை. சத்தம் வருமோ எண்டு வீட்டுக்குள்ளையிருந்து காதைக் குடுத்துக்கொண்டிருந்தன். ஒரு சத்தமும் இல்லை. ஒருத்தரும் கத்தாமல் வேலை நடக்கிறதைக் கேட்டுக்கொண்டிருக்கிறது கத்திறதைக் கேக்கிறதிலும் கொடுமை.

திருப்பலிக்கு வாங்கோ. வாசலிலை நிக்க வேண்டாம், உள்ளுக்கு வாங்கோ. ஆனால் என்னோட கதைக்க வேண்டாம். நான் பதில் சொல்ல மாட்டன். கோவத்திலை இல்லை தம்பி. என்ர வாயிலையிருந்து வாற எந்தச் சொல்லையும் எனக்கு இப்ப நம்ப ஏலாமல் கிடக்கு. உப்புக் கேக்கவும் பயமா இருக்கு.

பதினொரு மாசமா உங்களிலை இருந்த கோவத்தைப் பிடிச்சுக்கொண்டுதான் எழும்பினனான், படுத்தனான். அதையும் இளக்கியாச்சு. இனிப் பிடிக்க ஒண்டும் இல்லை.

வின்ச் சுகமா இருக்கு. மாசம் ரண்டு தரம் கழுவுறன், அந்த வேலையை மட்டும் றஜித் எனக்கு விட்டிருக்கிறான். நல்ல தண்ணியிலைதான்.

மரியமலர்